துரையின் இரத்தத்தைக் கழுவிய தண்ணீர்

ஜூன் 3. என் மனைவி, தோட்டப் பாடசாலையிலிருந்து இளைப்பாறிய ஆசிரியை, வயது அறுபத்தாறு, வீட்டுக்கு ஏறும் படிகளில் இரண்டு இடங்களில் உட்கார்ந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது.

ஜூன் 24. களைப்பு நீடித்தது. டிஸ்பென்சரியில் கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சு ஒன்று எடுக்கப்பட்டது. அதை எவரும் வாசிக்கவில்லை. மாத்திரையின் அளவு இரட்டிப்பாக்கப்பட்டது.

ஜூலை 19. ஈறுகளில் இரத்தக் கசிவு.

ஜூலை 22. நகர மருத்துவமனையில் அனுமதி. தீவிர இரத்தப் புற்றுநோய் என உறுதிசெய்யப்பட்டது.

ஆகஸ்ட் 2. காலை 9.10. மரணம்.

அடுத்த ஆண்டு, பெப்ரவரி 11. இரத்தப் படங்களிலிருந்து இரத்தப் புற்றுநோயைக் கண்டறியும் கணினி முறையொன்றை உருவாக்கும் குழு என்னை நிபுணராக அழைத்தது. சம்மதித்தேன்.

மே 5, திங்கள். தோட்டத்தில் பரிசோதனை தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர் அனைவரும் ஆரோக்கியமானவர்கள் எனக் கணினி அறிவித்தது.

மே 9, வெள்ளி. திறப்பு விழா. தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு இரத்தப் புற்றுநோய் எனக் கணினி அறிவித்தது.

மே 12, திங்கள். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைப் பஸ்ஸில் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன்.

மேலே உள்ளவை நடந்தவை. அவற்றில் என் கருத்து எதுவும் இல்லை. இனி வருவதிலும் கருத்தைத் தவிர்க்க முயன்றிருக்கிறேன். முடியாமற்போன இடங்களுக்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் நான் ஒரே ஒரு விடயத்தைத்தான் கற்பித்தேன். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அங்கே தெரியும் வெள்ளணுக்களில் எவை முதிர்ந்தவை, எவை முதிராமலே வெளியே வந்துவிட்டவை என்று பிரித்தறிவது எப்படி என்பதே அது. முதிராதவை கூட்டமாக வந்துவிட்டால் அதற்குப் பெயர் இரத்தப் புற்றுநோய். இதற்கு மேல் இதில் தத்துவம் இல்லை. பொறுமையும் நல்ல வெளிச்சமும் போதும் என்று மாணவர்களிடம் சொல்லுவேன். வீட்டில் இரண்டும் இருந்தன. நுணுக்குக்காட்டியும் இருந்தது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வழியில், தோட்டத்தை ஒட்டினாற்போல் நாங்கள் கட்டிய வீட்டில், யன்னலோரமாக ஒரு மேசையில் உறை போட்டு வைத்திருந்தேன்.

என் மனைவி வாழ்நாள் முழுவதும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். தலைவலி என்றாலும் காய்ச்சல் என்றாலும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான் போவாள். அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அவளுடைய பழைய மாணவர்கள். மலையில் வேலை செய்யும் பெண் எவளுக்கும் இரத்தம் போதாது என்பது அந்த டிஸ்பென்சரியின் அசைக்க முடியாத கோட்பாடு. ஆகவே களைப்பு என்று யார் போனாலும் முகத்தைப் பார்க்காமலே மாத்திரை உறை நீட்டப்படும். இரண்டாவது உறையோடு திரும்பி வந்த அன்று என் மேசையருகே நின்று சொன்னாள்:

“நீங்களே ஒரு சொட்டு எடுத்துப் பாத்தா என்னவாம்? வீட்டுல தையல் மிசினை வச்சுக்கிட்டு யாராச்சும் கடையில குடுத்துத் தைப்பாங்களா?”

குடும்பத்தாரின் இரத்தத்தை நாமே வாசிப்பது தொழில்முறைக்கு ஒவ்வாது, தீர்ப்புக் கலங்கும் என்று விளக்கினேன். விளக்கம் தெளிவாகவே இருந்தது. அதே வாக்கியத்தைப் பலமுறை விரிவுரை மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன்.

“உங்க தீர்ப்பு கலங்குற அளவுக்கு எம்மேல ஒண்ணு இருக்குன்னு இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் வாயத் தொறந்திருக்கீங்க,” என்று சிரித்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள்.

அவள் போய் ஆறு மாதங்களின் பின் குழு வந்தது. தலைவர் கொழும்பில் வளர்ந்த இளைஞர், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், மிகுந்த பணிவுள்ளவர். மடிக்கணினியைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே திறந்து வைத்து ஆழ்கற்றல் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார்.

“நாங்க ஒண்டும் சொல்லிக்குடுக்கிறதில்ல, சேர். நோயுள்ள ரத்தத்தின்ட படம், நல்ல ரத்தத்தின்ட படம், ரெண்டையும் காட்டிக்கொண்டே இருப்பம். வித்தியாசத்தை அதுவே கண்டுபிடிச்சுப் படிச்சுக்கும்.”

“எதைக் கண்டுபிடித்தது என்று அது சொல்லுமா?” என்று கேட்டேன்.

“அது சொல்லாது, சேர். ஆனா சரியாச் சொல்லும்.”

என் மாணவர்களில் சிலரும் இந்த வகையினர்தான். விடைத்தாளில் விடை சரியாக இருக்கும். எப்படி வந்தது என்று கேட்டால் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் புள்ளி போட்டதில்லை. இதற்குப் போடச் சம்மதித்தேன். ஏன் என்று கேட்டால், அந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்குச் செய்வதற்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது என்பதுதான் பதில்.

வேலை எளிது. நோயுள்ள இரத்தத்தின் படங்கள் நகரத்திலுள்ள ஒரு பெரிய ஆய்வுகூடத்திலிருந்து ஏற்கெனவே பெயரிடப்பட்டு வந்திருந்தன. நல்ல இரத்தத்தின் படங்கள் எங்கள் தோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘சாதாரணம்’ என்ற கட்டத்தை அழுத்த வேண்டும். பார்த்தேன், அழுத்தினேன். அணுக்கள் ஒழுங்காகவே இருந்தன. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. நகரத்துப் படங்கள் எல்லாம் நீலம் கலந்த ஊதா. எங்கள் தோட்டத்துப் படங்கள் எல்லாம் இளஞ்சிவப்பு. இதைக் ‘குறிப்பு’ என்ற பத்தியில் ஒழுங்காகப் பதிவு செய்தேன்: ‘சாயம் சற்றுச் சிவப்பு.’ ஒவ்வொரு படத்துக்கும் எழுதினேன். குறிப்பு என்ற பத்தியைக் கணினி வாசிப்பதில்லை என்றும், குழுவும் வாசிப்பதில்லை என்றும், அது நிபுணர்களின் மனநிறைவுக்காக வைக்கப்பட்டது என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

சிவப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். சாயம் பிடிக்கும் நிறம் அதில் சேர்க்கும் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீரில் புளிப்பு ஏறினால் படம் சிவக்கும். காரம் ஏறினால் நீலமாகும். நடுநிலையில் வைக்க ஒரு சிறு மாத்திரையைக் கரைத்த தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். டிஸ்பென்சரியில் இரத்தம் எடுத்துச் சாயமிடும் உதவியாளரிடம் அந்த மாத்திரை இல்லை.

“கேட்டு எழுதியிருக்கோங்கய்யா,” என்றார். “ரெண்டு தொரைக்கு முந்தி எழுதுனது.”

இந்தத் தோட்டத்தில் காலத்தைத் துரைமாரைக் கொண்டு அளப்பார்கள். அவர் பாவம் இருபது ஆண்டுகளாக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்னால் கல்லிடுக்கிலிருந்து விழும் பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து வந்து அதிலேயே சாயமிட்டு, அதிலேயே கழுவி வந்தார். நல்ல தண்ணீர், குடிக்க இனிமையானது. சாயத்துக்குச் சற்றுப் புளிப்பு.

திங்கட்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் கூடையோடு டிஸ்பென்சரி வாசலில் வரிசையாக நின்றார்கள். விரல் நுனியில் ஒரு குத்து; ஒரு கண்ணாடிச் சிலைட்; சாயம்; நுணுக்குக்காட்டியின் கண்வில்லையில் பொருத்திய கைத்தொலைபேசி ஒரு படம் எடுக்கும்; திரையில் பச்சை வட்டம் வரும். பச்சை வட்டம் வந்தவர்களுக்கு ‘ஆரோக்கியம்’ என்று அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்ட பச்சை அட்டை ஒன்று வழங்கப்பட்டது. எல்லோருக்கும் வழங்கப்பட்டது.

அந்த வரிசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். என் மனைவியிடம் படித்தவள் என்று அவளாகவே சொன்னாள். முகம் வெளிறியிருந்தது. முழங்கைக்குக் கீழே பெரிய நீலக் கன்றல் ஒன்று.

“அடிபட்டதா?” என்று கேட்டேன்.

“தெரியலீங்கய்யா. தேயிலை மரத்துல இடிச்சிருப்பேன். இப்ப எங்க இடிச்சாலும் கன்னிப் போயிருது.”

பின்னால் நின்றவள் சொன்னாள்: “இவ இப்ப ஒரு மாதிரி சீமாட்டி ஆயிட்டாங்கய்யா. நாலு படி ஏறுனா ஒக்காந்து மூச்சு வாங்குறா. பங்களாவுலதான் வச்சுப் பாக்கணும்.”

படிகளில் உட்காருவது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய சிலைட்டைப் பார்க்கவும் இல்லை. நிபுணரின் கண் படக்கூடாது, அப்போதுதான் கணினியின் திறமை கலப்படமில்லாமல் தெரியும் என்பது திட்டத்தின் விதி. நல்ல விதி. நான் ஏற்கெனவே பின்பற்றிவந்த விதியைப் போலவே உயர்ந்தது. திரையில் பச்சை வட்டம் வந்தது. அவள் அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகினாள்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. தோட்டத்து மண்டபத்தில் நுணுக்குக்காட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மேடையில் துரை, சின்னத் துரை, கிளாக்கர், குழுத் தலைவர், நான். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல். துரை எழுந்து, இரத்தத்துக்கு மேல் கீழ் கிடையாது, துரையின் இரத்தமும் தொழிலாளியின் இரத்தமும் ஒன்றே, ஆகவே இன்று எல்லோர் முன்னிலையிலும் தன் இரத்தமே பரிசோதிக்கப்படும் என்று அறிவித்தார். கைதட்டல் நீண்டது. கங்காணி ஒருவர் கையைக் காட்டி நிறுத்தும்வரை நீண்டது.

உதவியாளர் துரையின் விரலைக் குத்தினார். சிலைட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். சாயம் ஊற வேண்டிய நேரத்தை உரைகள் நிரப்பின. பிறகு அவர் வந்தார், சிலைட் வைக்கப்பட்டது, சுவரில் விரித்த வெள்ளைத் துணியில் கைத்தொலைபேசியின் திரை பெரிதாக விழுந்தது. வட்டம் சிவப்பாக வந்தது. அதன் கீழ், மூன்று மொழிகளிலும், நோயின் பெயர்.

குழுத் தலைவர் புன்னகை மாறாமல் குனிந்தார்.

“லென்ஸில குங்குமம் பட்டிருக்கும், சேர்.”

துடைத்தார். சிவப்பு. சிலைட்டின் வேறொரு மூலையைக் காட்டினார். சிவப்பு. கைத்தொலைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினார். சிவப்பு. துரை தமிழில் பேசத் தொடங்கியவர் ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து சிங்களத்துக்கும் போய், பின் எந்த மொழியும் இல்லாமல் உட்கார்ந்தார். கால் மணி நேரத்துக்குள் வாகனம் வந்தது. கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சொல்லியாயிற்று. கிளாக்கர் கதவைத் திறந்து பிடித்தார். சின்னத் துரை துரையின் தொப்பியைக் கையில் ஏந்திப் பின்னால் ஓடினார். இரத்தப் புற்றுநோய்க்கு இந்த மலையில் இவ்வளவு விரைவாக வாகனம் வருவதை நான் முதன்முதலாகக் கண்டேன்.

பின்வரிசையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“ஏன்டி, மூணு வேளையும் நல்லாச் சாப்பிடுற தொரைக்கே சிவப்புன்னா, நமக்கெல்லாம் எப்படிடி பச்சை?”

“நமக்கு வர்றதுக்கு அதுக்கு நேரம் எங்க இருக்கு? நம்மதான் காலைல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிர்றோமே.”

எல்லோரும் கலைந்த பின் நான் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். விதி மீறல்தான். துரையின் வெள்ளணுக்கள் அனைத்தும் நன்றாக முதிர்ந்தவை. அவருடைய உடலில் அவ்வளவு பொறுப்பான உறுப்பினர்கள் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நோயின் சுவடே இல்லை. ஆனால் படம் முழுவதும் நீலம்.

உதவியாளரை அழைத்தேன். “இதற்கு எந்தத் தண்ணீர்?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மேடையில வச்சிருந்த போத்தல் தண்ணிங்கய்யா. ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.”

“ஏன்?”

என் கேள்வியின் அறியாமை அவரைச் சற்றுச் சங்கடப்படுத்தியது என்று நினைக்கிறேன். நானும் இதே மலையில் பிறந்தவன், கேட்டிருக்கக் கூடாது.

“என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? தொரை ரத்தத்தைப் போயி பீலித் தண்ணியிலயா கழுவுறது?”

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடையும் இருந்தது. என் விரலைக் குத்தச் சொன்னேன். இரண்டு சிலைட்டுகள் செய்தோம். ஒன்று வாளித் தண்ணீரில், ஒன்று போத்தல் தண்ணீரில். குழுத் தலைவரைக் கூப்பிட்டு, இரண்டையும் கணினிக்குக் காட்டச் சொன்னேன். பீலித் தண்ணீரில் நான் ஆரோக்கியமானவன். போத்தல் தண்ணீரில் நான் இரத்தப் புற்றுநோயாளி. ஒரே விரல், ஒரே துளை.

“இது நோயைப் படிக்கவில்லை,” என்றேன். “தண்ணீரைப் படித்திருக்கிறது. உங்கள் நோயாளிகள் எல்லோரும் நீலம், ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் சிவப்பு. அதனிடம் வித்தியாசம் கேட்டீர்கள். கண்ணில் பட்ட முதல் வித்தியாசத்தைச் சொல்லியிருக்கிறது. பீலித் தண்ணீரில் கழுவினால் இந்தத் தோட்டத்தில் எவருக்கும், எந்தக் காலத்திலும், இந்த நோய் வரப்போவதில்லை.”

அவர் நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். நேர்மையான இளைஞர், முகம் வாடியது. பிறகு பயிற்சி அவரைக் காப்பாற்றியது.

“ஒரு கேஸை வச்சு மொடலைக் குறை சொல்ல ஏலாது, சேர். டேட்டா கூடச் சேர்த்தா சரியாகும்.”

அவரை நான் குறை சொல்லவில்லை. சாயம் சற்றுச் சிவப்பு என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதி வைத்துவிட்டு, அதன் பொருள் என்ன என்று ஒரு முறையும் யோசிக்காமல் ‘சாதாரணம்’ என்ற கட்டத்தை அழுத்திக்கொண்டே போனவர் அவரல்லர்.

சனிக்கிழமை காலை டிஸ்பென்சரியில் திங்கட்கிழமை முதலான நாட்களின் சிலைட் தட்டுகளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நுணுக்குக்காட்டியின் உறையை எடுத்தேன். பத்து மாதத் தூசி. முதல் சிலைட்டுகளில் உண்மையாகவே இரும்புச்சத்துக் குறைவு. டிஸ்பென்சரியின் கோட்பாடு பொதுவாகச் சரிதான், அதுதான் அதில் உள்ள ஆபத்து. மதியத்துக்குச் சற்று முன் அந்தப் பெண்ணின் சிலைட்டை வைத்தேன். இளஞ்சிவப்புப் படலத்தின் நடுவே, பெரிய கருவும் ஒட்டிய மெல்லிய ஓரமுமாக, முதிராத அணுக்கள். ஒன்றிரண்டல்ல. எங்கே நகர்த்தினாலும் இருந்தன. முதலாம் ஆண்டு மாணவனும் தவறவிடாத படம். கணினியின் பச்சை வட்டம் இதன் மேல்தான் விழுந்தது. மீதிச் சிலைட்டுகளையும், மற்ற நாட்களின் தட்டுகளையும் மறுநாள் காலைக்குள் முடித்தேன். வேறு எவருக்கும் இல்லை. அவளுக்கு மட்டும் இருந்தது.

இந்த நோயில் நாட்களை எண்ண வேண்டும். ஜூன் 24க்கும் ஜூலை 22க்கும் இடையே எத்தனை நாட்கள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய லயத்துக்குப் போனேன். உள்ளே சுவரில் சாமிப் படங்கள். முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே, குங்குமம் இட்ட பச்சை அட்டை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்றாள், வேண்டாம் என்றேன். சிலைட்டில் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லி, நாளை கொழும்புக்குப் புறப்பட வேண்டும் என்றேன்.

“அது எப்படிங்கய்யா? மிசினு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லுச்சு.” அட்டையைப் பார்த்துக்கொண்டாள். “எனக்கு வாழ்க்கையில யாரும் ஒரு சர்ட்டிபிக்கட்டு குடுத்ததில்ல. இது ஒண்ணுதான்.”

பேச்சுக் குரல் கேட்டு, லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டிலிருந்து கங்காணி வந்து வாசலில் நின்றார்.

“வாத்தியாரய்யா கோவிச்சுக்கக் கூடாது. நேத்துப் பெரட்டுல சின்னத் தொரை சொல்லியாச்சு. பச்சை அட்டை உள்ளவங்க ஒடம்பு முடியலன்னு இனிமே வேலைக்கு வராம நிக்கக் கூடாதாம். மிசினை ஏமாத்த முடியாதாம்.”

“துரைக்குச் சிவப்பு வந்ததே?”

“அது தொரைங்களுக்குரிய வியாதிங்கய்யா. நமக்கெதுக்கு அது?”

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் பற்றி விளக்கத் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தினேன். அந்தப் பெண் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசையினர் கேட்பதைப் போல. கங்காணி போகும்வரை காத்திருந்தேன்.

“டீச்சரம்மாவுக்கும் மாத்திரைதான் கொடுத்தார்கள்,” என்றேன். “அவளும் படியில் உட்கார்ந்தாள்.”

அவள் நிமிர்ந்தாள். “டீச்சரம்மாவுக்கும் நீங்கதான் பாத்தீங்களாய்யா, ரத்தத்தை?”

“இல்லை.”

“வீட்டுலதானே வச்சிருக்கீங்க, ரத்தம் பாக்குற அந்தக் குழாயி?”

“ஆமாம்.”

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, பச்சை அட்டையைச் சாமிப் படங்களுக்கு நடுவிலிருந்து எடுத்து, கவிழ்த்து வைத்தாள்.

“எத்தனை மணி பஸ்ஸுங்க?”

பஸ்ஸில் யன்னலோரம் உட்கார வைத்தேன். கினிகத்தேனையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். இறங்க முடியாது என்றாள். தேநீர் வாங்கி வந்து யன்னல் வழியே கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, டீச்சரம்மா தனக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த கதையைத் தொடங்கினாள். ஏழெட்டு என்ன என்று கேட்டால் தினமும் ஒவ்வொரு விடை சொல்லுவாளாம்.

“ஒரு நாளும் அடிக்க மாட்டாங்க. ‘நீ சொல்றதும் ஒரு நம்பர்தான், ஆனா இந்தக் கேள்விக்கில்ல’ன்னு சொல்லுவாங்க.”

அது என் மனைவியின் குரலேதான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள், எலும்பு மச்சையும் எடுத்தார்கள். நான் கண்டதே உறுதியானது. சிகிச்சைக்கு இணங்கும் வகை, நல்ல நேரத்தில் வந்திருக்கிறார் என்று இளம் வைத்தியர் சொன்னார். ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் என்று அவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். மறுநாளே மருந்து தொடங்கினார்கள்.

துரை ஐந்தாம் நாள் திரும்பினார். இரண்டு மருத்துவமனைகள் அவருடைய இரத்தத்தைச் சோதித்து, குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்தனவாம். தோட்டத்துக் கோயிலில் அவருக்காகப் பூசை நடந்தது. விழாக் குழு விசாரணை நடத்தியது. உதவியாளர், அச்சத்தோடு, போத்தல் தண்ணீர் விடயத்தை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு தோட்டக் காரியாலயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் பிரதி என்னிடம் உண்டு. இனிமேல் எந்தக் காரணம் கொண்டும் இரத்தப் பரிசோதனைச் சிலைட்டுகளுக்குப் போத்தல் தண்ணீர் பயன்படுத்தக் கூடாது. வழக்கமான பீலித் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

அதாவது குறை திருத்தப்பட்டுவிட்டது. இனித் துரைமாரும் ஆரோக்கியமாக இருப்பார்கள்.

குழுத் தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நோய் உறுதியான செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அவர், “என்ட மொடல் அவங்களுக்குப் பச்சை குடுத்திச்சா, சேர்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நான் லேபிள் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்,” என்றார். ‘குறிப்பு’ என்ற பத்தியிலிருந்து தொடங்குங்கள் என்றேன்.

செய்ய வேண்டியவை, இன்னும் செய்யாமல் இருப்பவை:

சாயத்துக்குரிய மாத்திரைகளைக் கண்டியில் வாங்கி உதவியாளர் கையில் கொடுப்பது. இன்னொரு துரை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சுற்றறிக்கைக்கு மறுப்பு எழுதுவது. மூன்று முறை தொடங்கினேன். மூன்றும் மிக நன்றாக அமைந்தன, ஆகவே அனுப்பவில்லை.

நான் ‘சாதாரணம்’ என்று அழுத்திய படங்களை மீண்டும், இந்த முறை உண்மையாகவே பார்ப்பது.

வியாழக்கிழமை மருத்துவமனைக்கு அந்தப் பெண்ணின் பிள்ளைகளை அழைத்துச் செல்வது. மூத்தவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லையாம். பஸ்ஸில் கேட்க வேண்டும்.

மேசை இழுப்பறையில், மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், டிஸ்பென்சரியில் இத்தனை மாதம் கிடந்து, உதவியாளர் கடதாசியில் சுற்றிக் கொடுத்த சிலைட். அதில் ஜூன் 24 என்று எழுதியிருக்கிறது. நுணுக்குக்காட்டி உறையில்லாமல்தான் இருக்கிறது.